சரபோஜி மன்னர் கற்ற ஆங்கிலம்

ஆங்கிலத்தைக் கற்பது ஒன்று. ஆங்கிலத்தின் வழியாக ஓர் அறிவுத்துறையைக் கற்பது மற்றொன்று. முதலாவதற்கு இலக்கணமும் சொற்பயிற்சியும் துணை செய்யும். இரண்டாவதற்கு அவை மட்டும் போதா. துறைக்குத் துறை சொற்களின் பொருள் மாறும். வாக்கியம் அமையும் முறை மாறும். எதை உறுதியாகச் சொல்லலாம், எதை ஐயத்தோடு சொல்ல வேண்டும் என்னும் வரம்பும் மாறும். இவ்வேறுபாட்டை உணராத காரணத்தால், நல்ல அறிவும் உழைப்பும் உடைய மாணவர் பலர், தமக்கு ஆங்கிலமே வராது என்று முடிவு கட்டித் துவண்டு விடுகின்றனர்.

நான் ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டவன். பல்கலைக்கழகத்தில் உளவியல் பயிலும் மாணவர்களுக்கென்றே தனியாக அமைந்த ஆங்கில வகுப்பைச் சில ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அவ்வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நம் காவிரிப் பாசனப் பகுதிப் பிள்ளைகள். பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பேராவூரணி எனப் பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தவர்கள். அவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாமல் இல்லை. தெரிந்த சொற்களே அவர்களை இடறின. ‘டிப்ரஷன்’ என்றால் அவர்கள் அறிந்தது வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு. 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜாப் புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததைக் கண்ட பிள்ளைகளுக்கு அச்சொல் வேறு எதை நினைவூட்டும்? உளவியலிலோ அது மனச்சோர்வு நோய். ‘சப்ஜெக்ட்’ என்றால் பாடம் என்றே அறிவர். ஆய்வுக் கட்டுரையில் அது ஆய்வுக்கு உட்படும் ஆளைக் குறிக்கும். ‘கண்டிஷன்’ என்றால் வீட்டில் கண்டிப்பு, கடையில் நிபந்தனை. பாவ்லோவின் நாய் மணியோசைக்கு வாயூறிய ஆய்விலோ அது பழக்கத்தால் விளையும் தொடர்பு. ‘நெகட்டிவ் ரீஇன்போர்ஸ்மென்ட்’ என்பதைத் தண்டனை என்று எழுதாத மாணவர் மிகக் குறைவு. உண்மையில், துன்பந்தரும் ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்பெறுவதையே அத்தொடர் குறிக்கும். மாத்திரை விழுங்கித் தலைவலி நீங்கப் பெற்றவர் அடுத்த முறையும் அம்மாத்திரையையே தேடுவது அதற்கு எடுத்துக்காட்டு.

இவ்வாறு திகைத்து நின்ற மாணவர்களுக்கு நான் எடுத்துக் கூறி வந்த வரலாறு ஒன்றுண்டு. அது தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியின் வரலாறு. பெரிய கோயிலையும் சரசுவதி மகாலையும் பார்த்தவர் எவரும் அவர் பெயரை அறிவர். தஞ்சையில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு கலைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும், ஒரு துறையை அறியும் பொருட்டு ஆங்கிலம் கற்ற மாணவர் என்னும் முறையில் அவரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அம்முறையில் அவர் வாழ்க்கையை ஈண்டு சுருக்கமாகக் காண்போம்.

தத்துப்பிள்ளை

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் போன்சலே மரபின் கிளைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் துளஜா மன்னர். அவர் காலத்தில் தஞ்சை நாடு பட்ட துன்பம் பெரிது. 1781ஆம் ஆண்டு ஐதர் அலியின் படை காவிரிக் கரைக் கழனிகளைப் பாழாக்கிற்று. உழவர்கள் ஊரை விட்டு ஓடினர். மகப்பேறும் இன்றி, நோயும் முற்றிய நிலையில், 1787ஆம் ஆண்டு துளஜா மன்னர் சரபோஜியைத் தத்தெடுத்துக் கொண்டார். அப்போது சிறுவருக்கு வயது ஒன்பது. தத்தெடுத்த சில நாட்களுக்குள் மன்னர் மறைந்தார்.

அதன்பின் வந்தது இருட்காலம். துளஜாவின் தம்பி அமர்சிங், அத்தத்து செல்லாது என்று வாதிட்டார். சிறுவர் தம்மைப் பெற்ற தந்தைக்கு ஒரே மகன் என்பதும், தத்துக்குரிய வயதைக் கடந்தவர் என்பதும் எடுத்துக் காட்டப்பட்ட குறைகள். பண்டிதர்களின் தீர்ப்பும் அமர்சிங்கின் பக்கமே நின்றது. அவர் அரியணை ஏறினார். சிறுவர் அரண்மனைக்குள்ளேயே அடைபட்டார். படிப்பும் தடைப்பட்டது. நாடாளப் பிறந்தவர் என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு எழுத்தும் மறுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னாளில் அவர் நூல்களின் மீது காட்டிய தணியாத வேட்கைக்கு, கிடைக்க வேண்டிய காலத்தில் அவை கிடைக்காமற் போனதும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

ஆசான் ஆங்கிலேயர் அல்லர்

இச்சிறுவருக்காகப் பரிந்து நின்றவர் சுவார்ட்சு பாதிரியார். சரபோஜியைக் கவனித்துக் கொள்ளும் பொறுப்பைத் துளஜா மன்னர் அவரிடம் ஒப்படைத்திருந்தார். ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் மறவாமல் நினைவில் வைக்க வேண்டிய செய்தி, சுவார்ட்சு ஆங்கிலேயர் அல்லர் என்பது. அவர் 1726ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் பிறந்த ஜெர்மானியர். ஆலே நகரில் தமிழ் விவிலியம் அச்சாகிய காலத்தில், அப்பணிக்கு உதவும் பொருட்டு அங்கேயே தமிழ் கற்றார். 1750ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். பிறகு திருச்சிராப்பள்ளியில் கும்பினிப் படைவீரர்களிடையே பணிபுரிய வேண்டியிருந்தமையால் ஆங்கிலம் கற்றார். தஞ்சை அரண்மனையில் பேச வேண்டியிருந்தமையால் மராத்தியும், முகம்மதிய அரசுகளோடு பேச வேண்டியிருந்தமையால் பாரசீகமும் பயின்றார். 1779ஆம் ஆண்டு கும்பினியார் அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பியபோது இம்மொழியறிவே அவருக்குத் துணையாயிற்று.

அவர் கற்ற மொழி ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகக் கற்றது. வேலை முன்னே நின்றது. மொழி பின்னே வந்தது. 1785ஆம் ஆண்டையொட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் தென்னாட்டவர்க்கென ஆங்கிலப் பள்ளிகள் தோன்றுவதற்கு அவரே முன்னின்று உழைத்தார். ஒரு மொழியைப் பிறவியிலேயே பெற்றவரைக் காட்டிலும், வளர்ந்த பின் வருந்திக் கற்றவர்க்கே அம்மொழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்பது தெரியும். சரபோஜிக்கு வாய்த்த ஆசான் அத்தகையவர். நம் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் எங்களைப் போன்றோர்க்கு இது ஓர் ஆறுதல் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சுவார்ட்சின் இடைவிடாத வேண்டுகோளின் பயனாக, 1793ஆம் ஆண்டு சரபோஜியும் துளஜாவின் அரசியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவருக்குக் கல்வி புகட்டியவர் கெரிக்கே பாதிரியார். இவரும் ஜெர்மானியரே. பதினைந்து வயதில்தான் சரபோஜிக்கு ஒழுங்கான படிப்புத் தொடங்கிற்று எனலாம். நம் மாணவர்களில் பலர் ஆங்கிலத்தில் ஒரு பத்தியை உண்மையாகப் படிக்கத் தொடங்குவது பதினெட்டு வயதில். மூன்று ஆண்டு வேறுபாடு பெரிய வேறுபாடன்று.

முடியும் உடன்படிக்கையும்

இதற்கிடையே தத்து வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. காசியிலும் வங்கத்திலும் இருந்த பண்டிதர்களின் கருத்துக் கேட்கப்பட்டது. தத்து செல்லும் என்று அவர்கள் கூறினர். அதன்படி 1798ஆம் ஆண்டு சூன் திங்களில் சரபோஜி தஞ்சை அரியணையில் அமர்ந்தார். அதைக் காணச் சுவார்ட்சு உயிரோடு இல்லை; அவ்வாண்டு பிப்ரவரித் திங்களிலேயே மறைந்து விட்டார்.

முடி கிடைத்த மறு ஆண்டே நாடு போயிற்று. 1799ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியாரிடம் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

ஆங்கிலம் அவருக்கு இரண்டு முகங்களைக் காட்டிற்று. ஒன்று ஆட்சியின் முகம். அது அவர் நாட்டைப் பறித்தது. மற்றொன்று அறிவின் முகம். அதை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. நாட்டைப் பறித்தவரின் மொழி என்று வெறுத்து ஒதுக்கியிருந்தால் அதை எவரும் குறை கூறியிருக்க மாட்டார். கோட்டைக்குள் அமர்ந்து ஆடலிலும் வேட்டையிலும் காலத்தைக் கழித்திருந்தாலும் வியப்பில்லை. அவர் அவ்விரு வழியும் செல்லாமல், அம்மொழிக்குள் புகுந்து தமக்கு வேண்டியதை எடுத்துக் கொள்ளும் வழியைத் தேர்ந்தார். ஆங்கிலத்தை எண்ணி அஞ்சும் மாணவரும், வெறுக்கும் மாணவரும் ஒருங்கே சிந்திக்க வேண்டிய இடம் இது.

அதற்காக ஆட்சியின் மொழியில் தமக்குரியதைக் கேட்டுப் பெறவும் அவர் தவறவில்லை. நாடு போனபின், சத்திரங்களும் கைமாறி விடுமோ என்னும் அச்சம் எழுந்தது. 1801ஆம் ஆண்டு கும்பினியின் பிரதிநிதிக்கு அவர் அனுப்பிய நீண்ட கடிதத்தில், சத்திரங்கள் என்னென்ன செய்கின்றன என்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வழிப்போக்கர்க்கு உணவு, நோயுற்றவர்க்கு மருந்து, கருவுற்ற பெண்டிர்க்குப் பேணல், தாய் தந்தையற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அது விரிகிறது. பழம்பெருமை பேசிக் கெஞ்சாமல், நடப்பதை வரிசைப்படுத்திச் சொன்ன கடிதம் அது. சத்திரங்கள் அரண்மனைப் பொறுப்பிலேயே நின்றன.

மன்னர் படித்த நூல்கள்

சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்திலேயே வேர் கொண்டது. அதை மரமாக வளர்த்தவர் சரபோஜி. 1820ஆம் ஆண்டு பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்டபோதும், வழியெங்கும் சுவடிகளைத் தேடித் திரட்டி வந்தார். வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்திச் சுவடிகளோடு, ஐரோப்பிய மொழிகளில் அச்சான ஆயிரக்கணக்கான நூல்களையும் விலை கொடுத்து வாங்கினார். அந்நூல்கள் பலவற்றில் அவர் தம் கைப்பட ஆங்கிலத்தில் இட்ட கையொப்பத்தை இன்றும் காணலாம். உடற்கூறு, மருத்துவம், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வானியல், இசை, நாடகம் எனத் துறைகள் பல.

1784ஆம் ஆண்டு அச்சான ஜான்சன் அகராதியும் அந்நூலகத்தில் இருக்கிறது. லவாய்சியரின் வேதியியல் நூலும் இருக்கிறது. என் மாணவர்களை ஒரு விடுமுறை நாளில் அங்கு அழைத்துச் சென்றபோது இவ்விரண்டின் பெயரையும் சேர்த்தே சொன்னேன். அகராதி பொதுச்சொற்களுக்கு வழிகாட்டும். ஆனால் ‘ஆக்சிஜன்’ என்னும் சொல்லை அந்த அகராதியில் தேடிப் பயனில்லை. அச்சொல்லைப் பிரெஞ்சு நாட்டவரான லவாய்சியர் கிரேக்க வேர்களைக் கொண்டு படைத்தது அண்மைக் காலத்தில்தான். 1787ஆம் ஆண்டு அவரும் பூர்குருவா முதலிய நண்பர்களும் சேர்ந்து, வேதிப்பொருள்களுக்கெல்லாம் புதுப்பெயர் முறை ஒன்றை வகுத்தனர். அதற்கு முன்பே சுவீடன் நாட்டு லின்னேயசு, செடிகளுக்கும் உயிரினங்களுக்கும் இரு சொற்பெயர் வைக்கும் முறையைக் கொண்டு வந்திருந்தார். நம் வயலில் விளையும் நெல்லுக்கு ‘ஒரைசா சட்டைவா’ என்று 1753ஆம் ஆண்டு பெயரிட்டவர் அவரே.

இதிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. துறைச்சொற்கள் ஆங்கிலேயருக்கும் தாய்ப்பால் வழி வந்தவையல்ல. இலண்டனில் பிறந்தவரும் அவற்றைப் புதிதாகவே கற்றார்; தஞ்சையில் பிறந்தவரும் புதிதாகவே கற்றார். உளவியலும் அப்படியே. ‘சைக்காலஜி’ என்னும் பெயரே கிரேக்க வேர்களால் ஆனது. ஆங்கில நாட்டில் பிறந்த உளவியல் மாணவரும் ‘நெகட்டிவ் ரீஇன்போர்ஸ்மென்ட்’ என்பதைத் தண்டனை என்று எண்ணித் தடுமாறுகிறார். பொதுமொழியில் அவர் நம்மினும் முந்தியவர்; துறைமொழியில் இருவரும் ஒரே வாசலில் நிற்பவர்கள். இதை விளங்கிக் கொண்ட நாளில் என் மாணவர்களின் முகத்தில் தோன்றிய தெளிவை வேறெந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை.

தன்வந்திரி மகால்

சரபோஜியின் ஆங்கிலக் கல்வி எதற்குப் பயன்பட்டது என்பதற்குத் தக்க சான்று தன்வந்திரி மகால். மருத்துவ ஆராய்ச்சிக்கென அவர் நிறுவிய அவ்வமைப்பில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய முறைகளில் வல்லவர்கள் ஒருங்கிருந்து பணியாற்றினர். மருந்துகளைச் செய்து, கொடுத்துப் பார்த்து, பயன் கண்டவற்றைப் பதிவு செய்தனர்.

அங்கே கண் நோய்க்கு மருத்துவம் பெற்றவர்களைப் பற்றிய குறிப்பேடுகள் சரசுவதி மகாலில் பாதுகாக்கப்பட்டு, நம் காலத்துக் கண் மருத்துவர்களால் ஆராயப்பட்டுள்ளன. நோயாளர் ஒவ்வொருவரின் நிலையும், அளித்த மருத்துவமும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுள்ளன. நோயுற்ற கண்களை ஓவியர்கள் வண்ணத்தில் தீட்டியிருக்கின்றனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஊரில் இப்படி ஒரு பதிவு முறை இருந்தது என்பது பெருமைப்படத் தக்கது.

உளவியல் மாணவர்க்கு நோயாளர் குறிப்பு எழுதக் கற்றுத் தரும்போது இக்கண் குறிப்பேடுகளைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். கண்டதை முதலில் எழுத வேண்டும். கருதியதைப் பின்னர் எழுத வேண்டும். கண் சிவந்திருந்தது என்பது கண்டது. இன்ன நோய் என்பது கருதியது. கண் மருத்துவத்தில் இவ்வேறுபாடு எளிது. ஓவியர் கூட இருந்தார். மனத்துக்கு ஓவியம் இல்லை. நோயாளர் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார், கேள்விக்கு ஓரிரு சொல்லில் விடை கூறினார் என்பவை கண்டவை. அவர் மனச்சோர்வு நோயுடையவர் என்பது கருதியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதுவோமானால், பின்னால் அதைப் படிக்கும் மருத்துவர் நம் கருத்தையே உண்மை என்று கொண்டு விடுவார். ‘இருக்கிறது’ என்று எழுத வேண்டிய இடம் எது, ‘இருப்பதாகத் தோன்றுகிறது’ என்று எழுத வேண்டிய இடம் எது என்பதைக் கற்பதே துறை ஆங்கிலத்தின் பெரும்பகுதி. அது வெறும் இலக்கணம் அன்று. ஓர் உயிரைப் பற்றிய பொறுப்பு.

கற்றதைத் திருப்பித் தந்தவர்

ஆங்கிலத்தில் கற்றதை ஆங்கிலத்திலேயே பூட்டி வைத்திருந்தால் சரபோஜியின் கல்வி அவரோடு முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. தன்வந்திரி மகாலில் பயன் கண்ட மருந்து முறைகள் தமிழ்ப் பாடல்களாக இயற்றப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் அவை இன்றும் நூல்களாகக் கிடைக்கின்றன. பாட்டில் அமைந்தமையால் நாட்டு வைத்தியர் அவற்றை மனப்பாடம் செய்வது எளிதாயிற்று.

அரண்மனையில் அவர் அமைத்த அச்சகத்தில் தேவநாகரி எழுத்தில் நூல்கள் அச்சாயின. ஈசாப்பு நீதிக்கதைகள் மராத்தியில் பெயர்க்கப்பட்டுச் சிறுவர்க்கென அங்கு அச்சேறின. தேவேந்திர குறவஞ்சி என்னும் மராத்தி நாடக நூல் அவர் இயற்றியதாக வழங்குவது. குறவஞ்சி என்றால் குறத்தி மலைவளம், நாட்டுவளம் பாடுவாள் என்பது நாம் அறிந்ததே. இந்நூலில் வரும் குறத்தியோ உலகத்துக் கண்டங்களையும் நாடுகளையும் பாடுகிறாள். மேனாட்டு நூல்களில் கற்ற புவியியலை, நம் மக்கள் கேட்டுப் பழகிய குறத்தியின் வாயில் வைத்தது எவ்வளவு நுட்பமான ஆசிரியத் திறம்! தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குதல் என்று இன்றைய கல்வி உளவியல் கூறுவதும் இதுவே. சுவார்ட்சின் மற்றொரு மாணவரும் தஞ்சைப் புலவருமாகிய வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியதும் இக்காலத்தையொட்டியே.

ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரால் அவர் எழுப்பிய சத்திரத்தில் உணவோடு கல்வியும் அளிக்கப்பட்டது. தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழி முதலியவற்றோடு ஆங்கிலமும் அங்குக் கற்பிக்கப்பட்டது. பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வைக்கும் முறை நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று.

ஈபர் கண்ட மன்னர்

1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கல்கத்தா பேராயர் ஈபர் தஞ்சைக்கு வந்து மன்னரைக் கண்டார். ஈபர் ஆங்கிலக் கவிஞர், பெரும்படிப்பாளி. பூர்குருவா, லவாய்சியர், லின்னேயசு, பபான் ஆகியோரின் நூற்கருத்துக்களைச் சரபோஜி தடையின்றி எடுத்துப் பேசுவதையும், ஷேக்ஸ்பியரின் கவிநயத்தை மதிப்பிடுவதில் அவருக்கிருந்த தெளிவையும் கண்டு வியந்து எழுதினார். மன்னர் ஆங்கிலத்தில் கவி இயற்றியதையும் குறித்துள்ளார். சுவார்ட்சின் கல்லறையில் பொறித்த ஆங்கில இரங்கற்பா சரபோஜியே பாடியது. சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த தேவாலயத்தில், புகழ்பெற்ற சிற்பி பிளாக்சுமன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தையும் மன்னர் வைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் ஆசானின் கையைப் பற்றியபடி மன்னர் நிற்கும் காட்சி அது. ஆசிரியருக்கு மாணவர் செய்த நன்றிக்கடன்களில் அதற்கு ஒப்பானது அரிது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றுண்டு. லின்னேயசைப் படித்தவர் ஷேக்ஸ்பியரையும் படித்தார். துறைக்கென்று ஆங்கிலம் கற்றால் இலக்கியச் சுவை குன்றிவிடும் என்று அஞ்சுவோர் எங்கள் ஆங்கிலத் துறையிலேயே உண்டு. துறையை நாடிச் சென்றவர் கவிதையையும் அடைந்தார் என்பதற்குச் சரபோஜி சான்று.

எட்டாத இடங்கள்

புகழ்ந்து கூறுவதோடு நின்றுவிடுதல் வரலாற்றுக்கு அழகன்று. சரபோஜியின் முயற்சியில் குறைகளும் இருந்தன. அவர் அச்சகத்தில் வெளிவந்தவை பெரும்பாலும் மராத்தியும் வடமொழியுமே. காவிரிக் கரையில் ஏர் பிடித்தவர் தமிழர். அவர் அறியாத எழுத்தில் அச்சான நூல் அவர் குடிசைக்குப் போகவில்லை. அரண்மனைக்குள் இருந்த நூலகமும் அவருக்குத் திறக்கவில்லை. நாடாளும் அதிகாரம் இல்லாத மன்னரால், கோட்டைக்கு வெளியே கல்வியை விரிவாகப் பரப்பவும் இயலவில்லை. எல்லாம் ஒருவருடைய விருப்பத்தையும் பணத்தையும் சார்ந்து நின்றமையால், அவருக்குப்பின் அவை தளர்ந்தன.

1832ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் சரபோஜி மறைந்தார். அவர் மகன் சிவாஜி 1855ஆம் ஆண்டு ஆண் வாரிசின்றி இறந்தபோது, கும்பினியார் தஞ்சை அரசையே நீக்கிவிட்டனர். நூலகம் மட்டும் தப்பிற்று. 1918ஆம் ஆண்டு அது பொதுமக்களுக்கு உரியதாக்கப்பட்டது. அரசர்க்கு மட்டும் திறந்திருந்த அறைக்குள் உழவர் வீட்டுப் பிள்ளையும் நுழைய, மன்னர் மறைந்து எண்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

மாணவர்க்கு

அன்பார்ந்த மாணவ மணிகளே! சரபோஜிக்குக் கிட்டிய வசதி நமக்கில்லை என்று எண்ண வேண்டா. இலண்டனிலிருந்து கப்பலில் நூல் வரப் பல மாதங்கள் அவர் காத்திருந்தார். இன்று நூல் உங்கள் உள்ளங்கையில் உள்ள கைப்பேசியிலேயே கிடைக்கிறது. கிடைக்காதது அவருக்கிருந்த வேட்கைதான்.

ஒரு துறையின் ஆங்கிலத்தைக் கற்க விரும்புவோர், அத்துறையின் ஒரு சிறு நூலையே முதற்பாட நூலாகக் கொள்ளுங்கள். தெரியாத சொல்லை விடத் தெரிந்ததாகத் தோன்றும் சொல்லையே ஐயுறுங்கள். என் மாணவி ஒருத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். முதற்பகுதியில் ஆங்கிலச் சொல், நடுவில் துறைப்பொருள், மூன்றாவதில் அதையே தன் பாட்டியிடம் சொல்வதானால் எப்படிச் சொல்வாள் என்பது. மூன்றாம் பகுதியை நிரப்ப முடியாத சொல்லைத் தான் இன்னும் கற்கவில்லை என்று அவள் கணக்கு வைத்தாள். அதைவிடச் சிறந்த தேர்வை நான் நடத்தியதில்லை.

உளவியல் பயின்றவர் நாளை ஓர் அரசு மருத்துவமனையில் அமர்வார். எதிரே ஒரு தாய் வந்து உட்கார்ந்து, மனம் பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, இரவில் உறக்கமில்லை, வயலுக்குப் போகவே கால் எழவில்லை என்பார். அந்தத் தமிழைக் கேட்டு, அதன் பொருள் சிதையாமல் ஆங்கிலத்தில் குறிப்பெழுத வேண்டும். ஆங்கிலத்தில் கற்ற மருத்துவத்தை, அந்தத் தாய் அஞ்சாதபடி தமிழில் சொல்ல வேண்டும். இரண்டில் எது தவறினாலும் துன்பப்படுவது மாணவர் அல்லர், அந்தத் தாய். ஆகவே துறை ஆங்கிலம் என்பது மதிப்பெண்ணுக்காகக் கற்கும் அலங்காரமன்று. அது ஒரு பாலம். பாலத்தின் ஒரு கால் அக்கரையிலும் மறு கால் இக்கரையிலும் ஊன்றியிருக்க வேண்டும். லவாய்சியரைப் படித்து, தமிழ் வைத்தியப் பாடல்களை இயற்றச் செய்த தஞ்சை மன்னர் தம் வாழ்வால் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.